காலம் இல்லை என்று ஐன்ஸ்டைன் நிரூபித்தாரா?

“காலமே பொய், ஐன்ஸ்டைன் நிரூபித்துவிட்டார்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு. 1955 மார்ச்சில், இறந்துபோன நண்பர் பெஸ்ஸோவின் குடும்பத்துக்கு எழுதிய கடிதத்தில், இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற வேறுபாடுதான் விடாப்பிடியான மாயை என்றார். துக்க வீட்டுக்கு ஆறுதலாக எழுதிய வரியை நிரூபணம் என்பது நியாயமே இல்லை. அவருடைய சார்பியலில், அதாவது வேகமும் ஈர்ப்பும் கடிகார ஓட்டத்தை மாற்றும் என்ற கோட்பாட்டில், காலம் அளக்கக்கூடியது: ஜிபிஎஸ் செயற்கைக்கோள் கடிகாரம் தரைக் கடிகாரத்தைவிட நாளுக்குச் சுமார் 38 மைக்ரோவினாடி முந்தும். அதைச் சரிசெய்துதான் போன் இடம் காட்டுகிறது.

சரி, காலம் மெய்யல்ல என்று வாதிட்டது யார்? தத்துவவாதி மெக்டகார்ட், 1908இல், ‘மைண்ட்’ இதழில். கூர்மையான வாதம், ஆனால் அதன்மீதான சர்ச்சை இன்னும் ஓயவில்லை. அந்தக் கட்டுரையையும் கடிதத்தையும் தேடிப் படியுங்கள். செய்தியை மட்டும் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.