ஹைப்பெல்லாம் ஓகே, ஆனா அவங்க ரெண்டு பேரும் என்னதான் பேசிக்கிட்டாங்க?

எங்க பாத்தாலும் அந்த ஒரு புக்குதான். ரீல்ஸ தொறந்தா யாராவது ஒருத்தர் கடைசி பக்கத்த மூடி வச்சுட்டு தேம்பித் தேம்பி அழறாங்க, ஸ்டோரி பாத்தா அதே கருநீல அட்டை, ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல "இன்னும் படிக்கலயா நீ"ன்னு ஒரு மாதிரி பாவமா கேக்கறாங்க. நானும் யங் அடல்ட், அதாவது டீன் ஏஜ் பசங்களுக்குன்னு எழுதற, காதல் கதைங்கள விரும்பிப் படிக்கற ஆளுதான், அதுல எனக்கு எந்த வெக்கமும் கிடையாது, இந்த வயசுல இதெல்லாம் ஏன் படிக்கறன்னு கேக்கறவங்களுக்கு பதில் சொல்றதையும் எப்பவோ நிறுத்தியாச்சு. அதனால ஆசையாத்தான் எடுத்தேன். முடிச்சப்ப சப்புனு போச்சு.

புக் பேர சொல்லப் போறதில்ல. சொன்னா அந்த பேர வச்சே சண்டை நடக்கும், நான் சொல்ல வந்தது காத்துல போயிடும். படிச்சவங்களுக்கு எப்படியும் புரிஞ்சிடும், படிக்காதவங்களும் கவலப்பட வேணாம், இதே அச்சுல வார்த்த புக்கு நெறைய சுத்திக்கிட்டு இருக்கு.

கதை இதுதான். அவ ஸ்கூல் கடைசி வருஷம், அமைதியான பொண்ணு, புத்தகப்புழு, தான் அழகுங்கறது அவளுக்கு மட்டும் தெரியாது. அவன் ஸ்கூல் டீம் கேப்டன், யாரையும் மதிக்க மாட்டான், ஆனா உள்ளுக்குள்ள ஒரு பெரிய சோகம். ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. ஒரு காரணத்துக்காக காதலிக்கற மாதிரி நடிக்க வேண்டி வருது, நடிப்பு நிஜமாகுது, நடுவுல ஒரு தப்பான புரிதல், பிரிவு, மழை, சேந்துடறாங்க, சுபம்.

இந்த கதையில எனக்கு ஒரு பிரச்சனையும் இல்லங்க. மோதல்ல ஆரம்பிச்சு காதல்ல முடியற கதைய எத்தன தடவ குடுத்தாலும் படிப்பேன், முடிவு தெரிஞ்சேதான படிக்கறோம், காதல் நாவல்னா கடைசில சேந்துடுவாங்கங்கறது எழுதறவங்களுக்கும் படிக்கறவங்களுக்கும் நடுவுல இருக்கற ஒப்பந்தம் மாதிரி. என்ன நடக்கப் போகுதுன்னு தெரியும், எப்படி நடக்கப் போகுதுங்கறதுக்குத்தான் அவ்ளோ பக்கம். அந்த எப்படிங்கறதுதான் இந்த புக்ல இல்ல.

மோதல்னு எடுத்துக்கிட்டா, ஜேன் ஆஸ்டினோட ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ் வந்தது 1813ல. அதுல நாயகி எலிசபெத்துக்கு நாயகன் டார்சிய ஏன் பிடிக்காது? டான்ஸ் நடக்கற எடத்துல அவ காதுல விழற மாதிரியே அவள மட்டமா பேசறான், அவ அக்காவுக்கு அமைய இருந்த சம்பந்தத்த கலைச்சு விடறான், அது போதாதுன்னு விக்கம்னு ஒருத்தன் வந்து டார்சி எனக்கு துரோகம் பண்ணிட்டான்னு கதை விடறான். எல்லாத்தையும் மனசுல வச்சுக்கிட்டு இருக்கும்போது டார்சி வந்து உன் குடும்பம் எங்களுக்கு கீழதான், இருந்தாலும் நான் உன்ன காதலிக்கறேன்ங்கற தொனியில ப்ரபோஸ் பண்றான், அவ மூஞ்சில அடிச்ச மாதிரி முடியாதுங்கறா. இது கதையோட கிட்டத்தட்ட நடுவுல. அடுத்த நாள் அவன் கையில குடுக்கற லெட்டர அவ திரும்பத் திரும்ப படிக்கறா, மொதல்ல நம்பவே மாட்டேங்கறா, அப்புறம் எது நிஜம் எது தானா நெனச்சுக்கிட்டதுன்னு ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாக்கறா. ஒருத்தர பத்தின அபிப்ராயம் மாறறத நம்ம கண்ணு முன்னாடியே நடத்திக் காட்டறாங்க அந்தம்மா. இருநூறு வருஷத்துக்கு மேல ஆகியும் ஆளுங்க அதப் படிக்கறாங்கன்னா டார்சி அழகா இருக்கான்னு மட்டும் இல்ல.

நம்ம ஹைப் புக்ல என்ன பகைன்னு கேளுங்க. ஆறாங்கிளாஸ்ல அவளோட சயின்ஸ் ப்ராஜெக்ட் மேல அவன் ஜூஸ கொட்டிட்டான். அவ்ளோதான். அத வருஷக்கணக்கா சுமந்துக்கிட்டு திரியறா. சரி, போகட்டும், சின்ன விஷயத்துக்கு பெரிய கோவம் வச்சுக்கறதும் ஸ்கூல் வயசுல நடக்கறதுதான், அதையே அழகா எழுதியிருக்கலாம். ஆனா பாதி புக் தாண்டினப்ப அது ஒரு நாள் மாயமா மறஞ்சு போகுது, அவனும் சாரி கேக்கல, அவளும் ஞாபகப்படுத்தல, நமக்குத்தான் ஞாபகம் இருக்கு.

இப்ப அந்த லைப்ரரி சீனுக்கு வரேன். எல்லா ரீல்ஸ்லயும் வந்த சீன், "பதினாலாவது அத்தியாயம் வர்ற வரைக்கும் பொறுங்க"ன்னு ஆளாளுக்கு பில்டப் குடுத்த சீன். ரெண்டு பேரும் ராத்திரி ஸ்கூல் லைப்ரரிக்குள்ள மாட்டிக்கறாங்க, வெளிய பூட்டிட்டாங்க, ஃபோன்ல சார்ஜ் இல்ல. நான் நிமிந்து உக்காந்தேன். இனிமேயாவது பேசித்தான ஆகணும்? அவ மேல் தட்டுல இருக்கற ஒரு புக்க எடுக்க எக்கறா, கால் வழுக்குது, அவன் பிடிக்கறான். அப்புறம் அவனோட கைய பத்தி ஒரு பாரா, அவன் மேல வர்ற மழையும் மரமும் கலந்த வாசனைய பத்தி ஒரு பாரா, அவன் தாடை இறுகுது. இந்த புக் முழுக்க அவன் தாடை இறுகிக்கிட்டேதான் இருக்கு, அத்தியாயத்துக்கு ஒரு தடவ இறுகும், ஒரு பல் டாக்டர பாத்தா தேவல. "நீ மத்த பொண்ணுங்க மாதிரி இல்ல"ன்னு சொல்றான். அத்தியாயம் முடிஞ்சுது.

அடுத்த அத்தியாயம் காலைல ஆரம்பிக்குது. வாட்ச்மேன் கதவ தொறக்கறாரு. அவ மனசுக்குள்ள நெனைக்கறா: ராத்திரி முழுக்க பேசிக்கிட்டே இருந்தோம், இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாததெல்லாம் அவன்கிட்ட சொன்னேன்.

என்ன சொன்ன? அதத்தான தாயி நாங்க படிக்க வந்தோம்! ராத்திரி முழுக்க ரெண்டு பேர் பேசியிருக்காங்க, கதையோட உயிர்நாடியே அந்த பேச்சுதான், அதுலேர்ந்துதான் ரெண்டு பேரும் மாறறாங்கன்னு புக்கே சொல்லுது, ஆனா அந்த பேச்சுல ஒரு வரி கூட நமக்கு கிடைக்கல. கை எப்படி இருந்துச்சுன்னு தெரியும், வாசனை தெரியும், அவ எதுக்கு பயப்படறா, அவன் எத நெனச்சு சிரிப்பான், அது தெரியாது. ஒரு தடவ இத கவனிச்சதுக்கு அப்புறம் எனக்கு வேற எதுவுமே கண்ல படல. புத்தகப்புழுன்னு சொன்னாங்களே, அவ எந்த புக் படிக்கறான்னு கடைசி வரைக்கும் இல்ல, ஒரு பேர் கூட இல்ல. செத்துப்போன அண்ணன நெனச்சு அவன் உள்ளுக்குள்ள அழறான்னு இருக்கு, அந்த அண்ணன் எப்படிப்பட்டவன், ரெண்டு பேருக்கும் எதுல சண்டை வரும், ஒண்ணும் இல்ல, அண்ணன் இருந்ததே சாகறதுக்குத்தான் போல. அவளோட ஃப்ரெண்டு ஒருத்தி வர்றா, அந்த பொண்ணுக்குன்னு வீடு வாசல் அப்பா அம்மா பரிச்ச எதுவும் கிடையாது, "அவன் உன்னையே பாக்கறான்டி"ன்னு சொல்றது மட்டும்தான் வேலை.

இது ஏன் இப்படி ஆகுதுன்னு யோசிச்சுப் பாத்தேன். இந்த புக் மொதல்ல ஆன்லைன்ல அத்தியாயம் அத்தியாயமா வந்து அப்புறம் அச்சுக்கு போனது. அதுல தப்பு ஒண்ணும் இல்ல, நம்ம தொடர்கதைங்க எல்லாம் வாரப்பத்திரிகையில அப்படி வந்ததுதான. யார் வேணாலும் கதை எழுதிப் போடற வாட்பேட் தளம் 2006ல ஆரம்பிச்சது, அங்க 2013ல அன்னா டாட் எழுத ஆரம்பிச்ச ஆஃப்டர், ஒன் டைரக்ஷன் பாட்டுக்குழுவ வச்சு எழுதின ரசிகர் கதை, 2014லயே அச்சுல வந்து, அப்புறம் சினிமா வரைக்கும் போச்சு. அந்த வழியில உள்ள வந்தவங்க நெறைய பேர், நல்லா எழுதறவங்களும் உண்டு. ஆனா அந்த முறைக்குன்னு ஒரு நிர்ப்பந்தம் இருக்கு, ஒவ்வொரு அத்தியாயமும் முடியும்போது அடுத்தது எப்போன்னு கேக்க வைக்கணும். வழுக்கி விழுந்தா கேப்பாங்க. கதவு தொறந்தா கேப்பாங்க. ரெண்டு பேர் தரையில உக்காந்து மூணு மணி வரைக்கும் பேசிக்கிட்டு இருந்தா, அதுல எங்க வெட்டி நிறுத்தறது? அதனால பேச்சு ரெண்டு அத்தியாயத்துக்கு நடுவுல இருக்கற வெள்ளப் பக்கத்துல நடந்து முடிஞ்சுடுது. புக்கா போடும்போதாவது எடிட்டர் யாராவது உக்கார வச்சு அந்த ராத்திரிய எழுதும்மான்னு சொல்லியிருக்கணும்.

அத விட்டா இந்த புக்க விக்கற விதம். கதை என்னன்னு யாரும் சொல்றதில்ல, டேக்தான். பகையாளி காதலன், பொய்க்காதல், ஒரே ரூம், யார்கிட்டயும் சிரிக்காதவன் இவகிட்ட மட்டும் சிரிப்பான். புக்டாக், அதாவது டிக்டாக்ல புக்க பத்தியே வீடியோ போடற கூட்டம், அதோட பலம் சாதாரணமானது இல்ல, கொலீன் ஹூவர் 2016ல எழுதின இட் எண்ட்ஸ் வித் அஸ் சில வருஷம் கழிச்சு டிக்டாக் வீடியோக்களால விற்பனைப் பட்டியல்ல உச்சத்துக்கு போனது எல்லாருக்கும் தெரியும். (அது யங் அடல்ட் இல்ல, பெரியவங்களுக்கானது, நெறைய பேர் ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கறாங்க.) பழைய புக்க ஆளுங்க தேடிக் கண்டுபிடிச்சு கொண்டாடறது சந்தோஷமான விஷயம். ஆனா அந்த டேக்க மனசுல வச்சு எழுத ஆரம்பிச்சா ட்ரெய்லர்ல வர்ற சீன மட்டும் ஒட்டி ஒரு முழுப் படம் எடுத்த மாதிரிதான் வருது. ஒவ்வொரு சீனும் தனியா பாத்தா பளிச்சுனு இருக்கு.

ரிலீசுக்கு முன்னாடியே காப்பி அனுப்பி விமர்சனம் வாங்கறது ரொம்ப நாளா உள்ள வழக்கம்தான், அதுக்கு மேல படிக்கறவங்க புக்குக்கு மார்க் போடற குட்ரீட்ஸ் தளத்துல புக் வெளிய வர்றதுக்கு முன்னாடியே யார் வேணாலும் ஸ்டார் போடலாம், படிச்சீங்களான்னு யாரும் கேக்கறதில்ல. அங்க எத்தன ஸ்டாருக்கு என்ன அர்த்தம்னு அவங்களே போட்டிருக்காங்க, மூணுன்னா பிடிச்சிருந்தது, ரெண்டுன்னா ஓகே. ஆனா இன்னிக்கு மூணு ஸ்டார் குடுத்தா எழுதினவங்கள திட்டின மாதிரி பாக்கறாங்க, அஞ்சு குடுக்கலன்னா நீ ரசிகனே இல்ல.

ஒரு விஷயம் மட்டும் சிரிச்சுட்டு போக முடியல. கதையில ஒரு எடத்துல அவன் அவளோட ஃபோன எடுத்து க்ளாஸ் பையன் ஒருத்தன் அனுப்புன மெசேஜ டெலீட் பண்றான். படிப்பு சம்பந்தமான மெசேஜ். அவ கண்டுபிடிக்கறா, முறைக்கறா, அப்புறம் "என்ன இவ்ளோ பிடிக்குமா உனக்கு"ன்னு நெஞ்சு உருகறா. அந்த வரிக்குத்தான் பேக்ரவுண்ட் மியூசிக் போட்டு ரீல்ஸ் சுத்துது. ஹீரோ தப்பே பண்ணக் கூடாதுன்னு நான் சொல்லல, தப்பு பண்ற பசங்கதான் கதையில சுவாரசியம். அவன் பண்ணது என்னன்னு புக்குக்கே தெரியலங்கறதுதான் உறுத்துது.

இத சொன்னா உடனே ஒரு பதில் வரும், "டீன் ஏஜ் பசங்க படிக்கற புக்குக்கு போய் இவ்ளோ எதிர்பாக்கறியா"ன்னு. எனக்கு பத்திக்கிட்டு வர்றதே இங்கதான். யங் அடல்ட்டுங்கற வகை தனியா தலையெடுத்ததுக்கு முக்கியமா சொல்ற புக்கு 1967ல வந்த தி அவுட்சைடர்ஸ், எஸ்.ஈ. ஹிண்டன் அத ஸ்கூல் படிக்கும்போதே எழுதினாங்க, வெளிய வந்தப்ப அவங்களுக்கு பதினெட்டு வயசு. ஜூடி ப்ளூம் 1975ல ஃபாரெவர்னு ஒண்ணு எழுதினாங்க, காதலிச்சு உடலளவுல நெருங்கினதுக்கு தண்டனையா யாரும் சாகாத ஒரு கதை வேணும்னு அவங்க பொண்ணு கேட்டதுலேர்ந்து வந்தது. அதுல காலாகாலத்துக்கும் நீதான்னு நம்பின பொண்ணு கடைசில அந்த காதலேர்ந்து நகந்து போயிடறா, யாரும் வில்லன் இல்ல, அப்படித்தான் சில சமயம் நடக்கும். பசங்க படிக்கறாங்கங்கறதுக்காக அந்தம்மா ஒண்ணையும் மழுப்பல, லைப்ரரிங்கள்லேர்ந்து அந்த புக்க எடுக்கச் சொல்லி எவ்ளோ எதிர்ப்பு வந்தது. பசங்களுக்குத்தானன்னு சொல்லி ஒப்பேத்தறது பசங்களுக்கு பண்ற மரியாத இல்ல. பதினஞ்சு வயசுல படிச்ச காதல் கதை மனசுல தங்கற மாதிரி பின்னாடி எதுவும் தங்கறதில்லன்னு நான் நெனைக்கறேன்.

இவ்ளோ திட்டிட்டு இதையும் சொல்லலன்னா நியாயம் இல்ல. புக்ல ஒரு அரைப் பக்கம் இருக்கு. அவ பாட்டிக்கு ஞாபகம் தப்ப ஆரம்பிச்சிருக்கு, டப்பா டப்பாவா பேர் எழுதி ஒட்டி வச்சிருக்காங்க வீட்ல. அவன் மொத தடவ வீட்டுக்கு வர்றப்ப பாட்டி அவன தன் புருஷன்னு நெனச்சு "ஏன் இவ்ளோ லேட்டு"ன்னு கேக்கறாங்க. அவ பதறிப்போய் திருத்த வர்றா. அவன் அதுக்குள்ள "பஸ் கிடைக்கல, சாப்டியா நீ"ன்னு கேட்டுட்டு பாட்டி பக்கத்துல உக்காந்துடறான். அவ்ளோதான் சீன். தாடை இறுகல, வாசனை இல்ல. அவ அவன பாக்கறா, நானும் பாத்தேன், மொத தடவையா எனக்கு அவன பிடிச்சிருந்தது, இவனையா ஜூஸ் கொட்டினதுக்கு வெறுத்தேன்னு அவளுக்கு தோணியிருக்கும்னு நம்ப முடிஞ்சது. அடுத்த பக்கத்துல பாட்டி தூங்கப் போயிட்டாங்க, அதுக்கப்புறம் வரவே இல்ல, கடைசி அத்தியாயத்துல கூட்டத்தோட கூட்டமா கை தட்டறதோட சரி.

எழுதத் தெரியாதவங்களா இருந்தா நான் இவ்ளோ நீளமா புலம்பியிருக்க மாட்டேன், மொக்கைன்னு ஒரு வார்த்தையில முடிச்சிருப்பேன். அந்த அரைப் பக்கம் எழுத முடிஞ்ச ஆளு லைப்ரரி ராத்திரிய ஏன் எழுதல? க்ளைமாக்ஸ் பிரிவு கூட ஒரே ஒரு ஃபோன் கால்ல தீந்திருக்கும், அவ அவன வேற பொண்ணோட பாக்கறா, அந்த பொண்ணு அவன் சித்தி மக, அத கேக்க அவளுக்கு எண்பது பக்கம் தேவப்பட்டுது. அங்கயும் பேச மாட்டேங்கறாங்க பாருங்க.

அதனால நான் குடுத்தது ரெண்டு ஸ்டார், அதுல ஒண்ணு பாட்டிக்கு. அடுத்த பாகம் வருதாம், இப்பவே அட்டைய காட்டி, ஓரத்துக்கு கலர் அடிச்ச ஸ்பெஷல் எடிஷன் புக்கிங் ஆரம்பிச்சாச்சுன்னு ஓடிக்கிட்டு இருக்கு. நான் படிப்பேன்தான், என்ன பண்றது. ஆனா காசு குடுத்து முன்பதிவெல்லாம் கிடையாது, யாராவது படிச்சுட்டு அவங்க ரெண்டு பேரும் ஒரு பக்கமாவது உருப்படியா பேசிக்கறாங்கன்னு சொன்னா இரவல் வாங்கிக்கறேன்.