விண்டோஸ் 7 இலவசமாகிவிட்டதா? இல்லை

“விண்டோஸ் 7-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, இனி அது இலவசம், இந்த ஆக்டிவேட்டரைப் போட்டால் போதும்” என்று குன்னூர், கோத்தகிரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. (ஆக்டிவேட்டர் என்பது, உரிமம் வாங்காமலேயே வாங்கியதுபோல் விண்டோஸை நம்பவைக்கும் கருவி.) தவறு. 2020 ஜனவரி 14-உடன் நின்றது இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள்தான். உரிம நிபந்தனைகள் அப்படியே இருக்கின்றன.

இந்தக் கருவிகளில் சில, நிறுவனங்களின் கணினிகளில் விண்டோஸ் உரிமத்தை உறுதிசெய்யும் கேஎம்எஸ் சர்வர்போல நடித்துக் கணினியை ஏமாற்றுகின்றன. முறையான கேஎம்எஸ் ஆக்டிவேஷனே 180 நாள்தான் செல்லும். அதனால் கருவி பின்னணியிலேயே குடியிருந்து புதுப்பித்துக்கொண்டிருக்கும். வேறு சில, கணினி பூட் ஆகும்போதே, விண்டோஸுடன் விற்கப்பட்ட கணினி என்பதற்கான தயாரிப்பாளரின் முத்திரை இருப்பதாகக் காட்டும்.

“ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்” என்கிறார்களே, அதுதான் ரொம்ப உறுத்துகிறது. காவலை எடுத்துவிட்டு, யார் செய்தது என்றே தெரியாத புரோகிராமுக்கு நிர்வாகி அனுமதி கொடுப்பதா? கூடவே கடவுச்சொல் திருடும் நிரல் வந்தாலும் தெரியாது.

சரி, பழைய கணினியை என்ன செய்வது? விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடலாம். அது உண்மையிலேயே இலவசம், தமிழிலும் தட்டச்சு செய்யலாம்.