ஆமாம், அவர் எனக்கு ஐந்தாவது டாக்டர்

இரண்டு நாளாக எல்லா வாட்ஸாப் குழுவிலும் சுற்றுகிற அந்த வீடியோவை நானும் பார்த்துவிட்டேன். தயவுசெய்து இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். "டாக்டரை மாத்திக்கிட்டே இருக்கறதும் ஒரு வியாதிதான்" என்று அந்தப் பெரிய மருத்துவர் சொல்கிற இடத்தில் அரங்கமே கைதட்டுகிறது. கைதட்டியவர்களில் ஒருவராவது, பெயர் தெரியாத நோயோடு மூன்று வருடம் வாழ்ந்து பார்த்திருப்பாரா?

பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று சாயங்காலம் எங்கள் தெருக்கோடி வீட்டு அண்ணன் அதே வீடியோவை என்னிடம் காட்டி, "டாக்டரே சொல்றாரும்மா, மாத்தக் கூடாதுன்னு. பாப்பாவ இப்ப பாக்குற எடத்துலயே பாத்துக்கிறோம்" என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

அவர் மகளுக்குப் பத்தொன்பது வயது. ஏழு மாதமாகச் சாயங்காலமானால் காய்ச்சல், வாய்ப்புண். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. வெயிலில் காலேஜுக்குப் போய்வந்தால் இரண்டு கன்னமும் சிவந்துவிடுகிறது. பார்க்கிற டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, பரீட்சை பயம் என்றிருக்கிறார். என்ன வியாதி என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த வரிசை எனக்கு மனப்பாடம். 2014இல் எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் டாக்டர் ரத்தம் கம்மி என்றார். இரும்புச்சத்து மாத்திரை. இரண்டாமவர் தோல் டாக்டர், முகத்தில் இருந்ததற்கு அலர்ஜி என்று களிம்பு கொடுத்தார். மூன்றாமவர் எலும்பு டாக்டர். காலையில் எழுந்தால் விரல்களை மடக்க ஒரு மணி நேரம் ஆகிறது, இட்லித் துணியைப் பிழிய முடியவில்லை என்று அழுதுகொண்டே சொன்னேன். எக்ஸ்ரேயைப் பார்த்தார். எலும்பில் ஒன்றுமில்லை. என் முகத்தைப் பார்க்கவே இல்லை, என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்: "வீட்ல ஏதும் பிரச்சனையா? மனநல டாக்டர் யாரையாச்சும் பாருங்க." அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நடிக்கிறேனோ என்ற சந்தேகம் அவருக்கே வந்துவிட்டது. வலியைக்கூட மறந்துவிட்டேன். அந்தப் பஸ் பயணத்தை மறக்க முடியவில்லை.

மனநல டாக்டரிடம் போவதைக் குறைவாகச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்னால் நானே தேடிப் போயிருக்கிறேன். ஆனால் ஒரு ரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல் "மனசுதான்" என்று அனுப்புவது வேறு.

நான்காமவர்தான் 2017இல் லூபஸ் என்று கண்டுபிடித்தார். அதற்கு அவருக்கு நன்றி சொல்லித்தான் ஆக வேண்டும். நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே தாக்குகிற நோய் அது. தோல், மூட்டு, நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வு, சிறுநீரகம், மூளை, எதையும் விடாது. ஆனால் இது எதுவும் அவர் எனக்குச் சொன்னது இல்லை. அவர் எழுதியது நாலு மாத்திரை. கேள்வி கேட்டால், "நெட்ல படிச்சிட்டு வந்து என்கிட்டக் கேக்காதீங்க."

நாலு மாத்திரையில் ஒன்று ஸ்டீராய்டு. அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று அவரும் சொல்லவில்லை, கம்பவுண்டரும் சொல்லவில்லை. மாதக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் விட்டுவிடும். படிப்படியாகக் குறைத்தால்தான் அது திரும்ப வேலைக்கு வரும். முகம் உப்பிப்போனதைப் பார்த்து அத்தை, "அந்தக் கண்றாவி மாத்திரைய நிறுத்திப்போடு" என்றதும் நிறுத்திவிட்டேன். ஐந்தாம் நாள் அடுப்படியில் விழுந்து கிடந்தேன். ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் முன்னாலும் அந்த நான்காவது டாக்டர் என்னைத் திட்டினார். படித்த பொம்பளைதானே என்று கேட்டார். படித்தவளுக்கும் சொன்னால்தானே தெரியும்?

அதற்கப்புறம்தான் மாற்றினேன். திண்டுக்கல்லில் முதல் பஸ் பிடித்து மதுரை போனேன். அங்கே ஒரு ரூமட்டாலஜிஸ்ட். மூட்டு, தசை, இந்தத் தன்னெதிர்ப்பு நோய்கள் எல்லாம் இவர்கள் துறை என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. கட்டைப்பையிலிருந்த காகிதங்களை மேஜைமேல் கொட்டினேன். அவர் தேதிவாரியாக அடுக்கினார். அடுக்கி முடித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இதுல யூரின் ரிப்போர்ட் எங்கம்மா?"

இல்லை. லூபஸ் என்று சொல்லி ஒரு வருடமாகியும் ஒரு தடவைகூடச் சிறுநீர் பரிசோதனை செய்யவில்லை.

எனக்குக் கால் வீக்கம் இல்லை, வலி இல்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கிற கிரியாட்டினின் 0.8, சரியாகத்தான் இருந்தது. ஆனால் 24 மணி நேரச் சிறுநீரில் 2 கிராம் புரதம் போய்க்கொண்டிருந்தது. 150 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டியது. லூபஸ் சிறுநீரகத்துக்குள் சத்தமில்லாமல்தான் நுழையும். சிறுநீரகத்தில் ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்து, எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மைக்கோஃபினோலேட் மாத்திரை ஆரம்பித்து, பல மாதம் கழித்துத்தான் புரதம் இறங்கியது. இன்றைக்கு நான் டயாலிசிஸ் படுக்கையில் கிடக்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றால், நான்காவது டாக்டரோடு நின்றுவிடாததால்தான். டாக்டரை மாற்றுவது வியாதி என்கிறீர்களே, நான் மாற்றாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த மேடையில் யாராவது ஒரு நிமிடம் யோசித்தீர்களா?

நம்மை நம்புகிற டாக்டரைத் தேடிப் போவதும் வைத்தியம்தான். திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று தெரியும். சொல்வேன்.

"டாக்டர்களுக்கு நேரமில்லை, ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்ப்பார்கள்" என்பீர்கள். இது நியாயம். இந்தத் துறையில் டாக்டர்கள் குறைவு, இருப்பவர்களும் பெரிய ஊர்களில்தான். என் டாக்டர் வாசலிலும் டோக்கன் அறுபதைத் தாண்டும். எனக்குக் கிடைப்பதும் ஏழெட்டு நிமிடம்தான். அந்த ஏழு நிமிடத்தில் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பார். யூரின் நுரைக்கிறதா என்று கேட்பார். லூபஸுக்கான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவள், அது கண்ணைப் பாதிக்கலாம் என்பதால், விழித்திரைப் பரிசோதனை எப்போது செய்தேன் என்று கேட்பார். கடைசியில், "இந்த மாசம் எதும்மா ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" என்பார். ஒரு தடவை நான் சொன்ன தலைச்சுற்றலுக்கு, "எனக்குத் தெரியலம்மா, நரம்பு டாக்டரக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். தெரியவில்லை என்று சொன்ன அன்றைக்குத்தான் அவர்மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. நேரமில்லாதவருக்கும் இது முடிகிறது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நல்லது என்று கிளம்பி, மருந்துக்கடைகளில் ஒரு அட்டைகூட இல்லாமல் போனதே, நினைவிருக்கிறதா? அது எங்களுக்கு தினசரி மாத்திரை. என்னிடம் ஒன்பது மாத்திரை மிச்சம். பஸ்ஸும் கிடையாது. என் டாக்டரே கடைகளுக்குப் போன் போட்டு, எங்கே இருக்கிறது என்று கேட்டு, சீட்டில் நோயின் பெயரை எழுதி வாட்ஸாப்பில் அனுப்பிவைத்தார். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

"பணம் இருக்கறவங்க மாத்தலாம்" என்றும் சொல்வீர்கள். எங்களிடம் எங்கே பணம் இருந்தது? வளையல் வங்கிக்குப் போனது, இன்னும் வரவில்லை. ஆனாலும் இந்தக் கேள்வி என்னைச் சுடத்தான் செய்கிறது. மாற்ற வழியே இல்லாதவர்கள் எத்தனை பேர். அவர்களுக்காக: சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரிலும் இருக்கிறது. தூரம்தான். ஆனாலும் ஒருமுறை சரியான துறையில் காட்டிவிட்டால், பிறகு பக்கத்து ஊரில் தொடரலாம்.

காரணமே இல்லாமல் மாற்றுகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். கருவாடு சாப்பிடக் கூடாது என்று சொன்னதற்காக மூன்று பிபி டாக்டரை மாற்றியவர் எங்கள் பெரியப்பா. அவருக்கு அந்த வீடியோவை அனுப்புங்கள். எனக்கு ஏன் அனுப்புகிறீர்கள்?

இன்னொன்றும் மனதில் கிடந்து அரிக்கிறது. லூபஸ் வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். உடம்பு வலிக்கிறது என்று பெண் சொன்னால் முதலில் வருகிற பதில் என்ன? வேலைக்குச் சோம்பல். மாமியாரோடு சண்டை. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும். கல்யாணம் ஆகியிருந்தால் குழந்தை பிறந்தால் சரியாகிவிடும். எங்கள் அம்மாவுக்கும் விரல்கள் கோணிப்போயிருந்தன. குடத்தை முழங்கையில் இடுக்கித்தான் தண்ணீர் தூக்குவாள். "பொம்பளைக்கு இதெல்லாம் இருக்கறதுதான்" என்று அவளே சொல்லிக்கொள்வாள். அவளுக்கு என்ன நோய் என்று கடைசிவரை தெரியாது. ஐந்து டாக்டர் இருக்கட்டும், ஒரு டாக்டரைக்கூட அவள் பார்க்கவில்லை. அவள் பாட்டுக்கு அந்தக் கையோடு எங்களுக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். அதை நினைத்தால் இப்போதும் எழுத முடியவில்லை.

அதனால் அண்ணே, நேற்று வாசலில் நின்று குரலை உயர்த்தியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். சொன்ன விஷயத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வியாழக்கிழமைக்கு என் மதுரை டாக்டரிடம் டோக்கன் சொல்லிவைத்திருக்கிறேன். பாப்பாவின் பழைய சீட்டுகள், ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி ஒரு ஃபைலில் போடுங்கள். கன்னம் சிவந்த அன்றைக்கு அவள் எடுத்த போட்டோ போனில் இருக்கிறதாம், அதை அழித்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அவளுக்குக் குடையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். முதல் பஸ் ஐந்தேகாலுக்கு. நானும் கூட வருகிறேன்.