தாம்பாளத்தில் ஒரு விளக்குமாறு

போன மாதம் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் கல்விச் சீர். ஊர் வாட்ஸப் குழுவில் நாலு பேர் நாலு கோணத்தில் வீடியோ போட்டார்கள், பார்த்திருப்பீர்கள். மாரியம்மன் கோயிலில் கிளம்பி, மேளம் முன்னால் போக, பெண்கள் தாம்பாளம் ஏந்தி வர, கடைசியாகக் குட்டியானையில் ஒரு பீரோ, ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு மின்விசிறி. வாசலில் டீச்சர்கள் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகள் பட்டுப்பாவாடையில் கல்யாணப் பெண் மாதிரி திரிந்தாள்.

அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. காதுகுத்துக்கும் சடங்குக்கும் எடுக்கிற சீரை ஊர் கூடி ஒரு பள்ளிக்கூடத்துக்கு எடுக்கிறது என்றால் அது சின்ன விஷயம் இல்லை. காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேன் வந்து பாதிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிற ஊர் இது. ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, ‘அடுத்த வருஷம் சின்னவனை இங்கேயே போட்டா என்ன?’ என்று ஒரு வீட்டிலாவது பேசியிருக்கிறார்கள். அதுவே போதும்.

நான் சொல்ல வந்தது ஒரு தட்டைப் பற்றி. எல்லாத் தட்டிலும் பழம், நோட்டு, பென்சில் பெட்டி, சாக்லேட். மேலத்தெரு அப்பத்தா ஒருவர் கொண்டுவந்த தட்டில் ஈர்க்கு விளக்குமாறு இரண்டு, பினாயில் பாட்டில் ஒன்று, கக்கூஸ் தேய்க்கிற பிரஷ் ஒன்று. பாட்டிலுக்குக் குங்குமப் பொட்டு வேறு. சுப காரியத்துக்குப் போகும்போது எதிரே விளக்குமாறு வந்தாலே முகம் சுளிக்கிற ஊர். சும்மா இருப்பார்களா? “என்ன அப்பத்தா, சீர்ல போயி வெளக்கமாத்தக் கொண்டாந்திருக்கே?” என்று என் பங்காளி ஒருவன் கேட்டுவிட்டான். சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “நீ உள்ள போயிப் பாத்தியாடா?”

பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அப்பத்தா பார்த்திருக்கிறார், ஒன்றாம் வகுப்புப் பேரனைத் தினமும் கொண்டுவந்து விடுகிறவர் அவர்தான்.

என் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பையைத் திண்ணையில் வீசிவிட்டு நேராகக் கழிவறைக்கு ஓடுவாள். தண்ணீர் பாட்டில் காலையில் கொடுத்தபடியே திரும்பி வரும். பிள்ளைக்குத் தண்ணீர் குடிக்கிற பழக்கமே இல்லை என்று அவள் அம்மாவிடம் எத்தனை நாள் சலித்துக்கொண்டிருக்கிறேன் தெரியுமா? அன்று இரவு உட்காரவைத்துக் கேட்டேன். “குடிச்சா போணும்ல. அங்க தண்ணி வராது, நாறும்” என்றாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எவ்வளவு கணக்காக யோசித்திருக்கிறது!

இதில் வெட்கப்பட வேண்டிய முதல் ஆள் நான். ஏனென்றால் நான் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த குழு. முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேராக மாற்றி அமைத்தார்கள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கூட்டம். நான் எத்தனைக்குப் போயிருக்கிறேன் என்று கேட்காதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வருவான், வாசல்படியில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். என்னைப் போல இன்னும் பத்து வாசல்படியாவது இருக்கும். நூறு நாள் வேலைக்குப் போன அம்மாக்களும் திருப்பூரில் இருக்கிற அப்பாக்களும் மூன்று மணிக்கு வர முடியாது, அது நியாயம். நான் உள்ளூரில்தான் இருக்கிறேன்.

சரி, டீச்சர்கள் பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் சட்டக் கணக்கு. எங்களிடம் இருப்பது 47 பிள்ளைகள், ஐந்து வகுப்பு. ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் மற்றவர்தான் ஐந்துக்கும். ஒரு மூலையில் அரும்பு, ஒரு மூலையில் மொட்டு, நடுவில் மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து எண்ணும் எழுத்தும் திட்டத்தை நடத்திக்கொண்டு, போனில் எமிஸ் என்கிற கல்வித்துறைப் பதிவுத் தளத்தில் வருகையும் ஏற்றிக்கொண்டு, மோட்டாரில் ஏன் தண்ணீர் ஏறவில்லை என்றும் அந்த அம்மாவே ஏறிப் பார்க்க வேண்டுமா?

பள்ளியில் ஒரு குறையும் இல்லாமல் நடப்பது காலை உணவுதான். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த நாளிலிருந்து எங்கள் பள்ளியில் ஒரு நாள் தவறியதில்லை. புதன்கிழமைப் பொங்கல் வாசனை தெருமுனை வரை வரும். சமைக்கிறவர் மகளிர் குழுப் பெண். அவருடைய மகனும் அதே வரிசையில் தட்டோடு உட்கார்ந்திருக்கிறான். தன் பிள்ளை சாப்பிடுகிற சாம்பாரில் யார் காயைக் குறைப்பார்கள்? சீர் ஊர்வலத்தில் முன்வரிசையில் போன எத்தனையோ பேருடைய பிள்ளைகள் மஞ்சள் வேனில் போகிறவர்கள். நோட்டும் பையும் சீருடையும் செருப்பும் அரசே கொடுக்கிற பள்ளிக்கு நாம் மறுபடி நோட்டுக் கட்டு கொண்டுபோவது அதனால்தானோ என்னவோ. பீரோ கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஏற்கெனவே இரண்டு இருக்கிறது, இது மூன்றாவது. இருப்பதோ இரண்டு வகுப்பறை.

சீர் செய்த தாய்மாமன் அதோடு அந்த வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்தால் ஊர் என்ன பேசும்? நம்மை யாரும் பேசவில்லை, அவ்வளவுதான்.

சீருக்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போனேன். ஒன்பது பேர் வந்திருந்தோம். அப்பத்தா உறுப்பினரே இல்லை, ஆனாலும் வந்து கதவோரமாக உட்கார்ந்துகொண்டார். பிளம்பர் தம்பியைக் கூப்பிட்டு மேலே ஏற்றினோம். மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. தொட்டியிலிருந்து இறங்குகிற குழாய் முழங்கையில் விரிந்து, ஏறுகிற தண்ணீரெல்லாம் மாடியிலேயே வழிந்து போயிருக்கிறது. கூலியோடு 380 ரூபாய். பீரோ 9,500. துப்புரவுக்கு வருகிற அம்மா வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார், அவருக்குக் கிடைக்கிற தொகையைச் சம்பளம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஊரில் மாதாமாதம் கொஞ்சம் பிரித்துக் கூடுதல் நாள் வரச் சொல்லலாமா என்று பேச்சு எடுத்தோம், முடியவில்லை, அப்புறம் டீ வந்துவிட்டது.

நேற்று மகளிடம் கேட்டேன், “இப்ப பரவாயில்லையாம்மா?”

“தண்ணி வருதுப்பா. ஆனா கதவுக்குத் தாப்பா இல்ல. நானும் ரம்யாவும் மாத்தி மாத்திக் காவலுக்கு நிப்போம்.”