எஞ்சினை அணைக்கச் சொன்னது குற்றமா?

நேற்று பள்ளி வாசலில் நடந்ததைப் பற்றி நம் பெற்றோர் குழுவில் ஆளுக்கொன்று எழுதிவிட்டீர்கள். நான் யாரையும் திட்டவில்லை. இருபது நிமிடமாக நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்த காரின் எஞ்சினை அணைக்கச் சொன்னேன். "உங்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று கத்தினார் காரில் இருந்தவர்.

இருக்கிறது. என் மகளுக்கு ஆஸ்துமா. அவள் பையில் பென்சில் பெட்டியை ஒட்டி இன்ஹேலர் கிடக்கும். கார்கள் நிற்கும் வரிசையில் ஒரு முறை குனிந்து பாருங்கள்: புகைக்குழாய்க்கு நம் மூக்கைவிடப் பிள்ளைகளின் மூக்குதான் கிட்டத்தில் இருக்கிறது. அந்தப் புகையில் வரும் நைட்ரஜன் டையாக்சைடு மூச்சுக்குழாயை வீங்கவைக்கும்.

"ஒரு வண்டியால் நகரத்துக் காற்று கெட்டுவிடுமா?" வாசலில் நிற்பது ஒரு வண்டியா? நிற்கிற ஒவ்வொருவரும் இதையேதான் கேட்கிறீர்கள். டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது. நிற்கும்போது அணையுங்கள் என்றுதானே கேட்கிறேன்?

"தொழிற்சாலைகளைப் போய்க் கேளுங்கள்." கேட்கத்தான் வேண்டும். ஆனால் தொழிற்சாலை பள்ளி வாசலில் வந்து நிற்பதில்லை. வாகனப் புகையின் அடர்த்தி சாலையை ஒட்டித்தான் அதிகம். சில நூறு மீட்டர் தள்ளினால் வெகுவாகக் குறைந்துவிடும். எங்கள் வீட்டில் சாலைப் பக்க ஜன்னல் விளிம்பை இரவில் ஈரத்துணியால் துடைப்பேன். மறுநாள் மாலை விரலை வைத்தால் கரி ஒட்டும். பின்பக்க ஜன்னலில் வெறும் தூசிதான்.

"காரில் கைக்குழந்தை இருந்தால், குளிர்சாதனம் வேண்டாமா?" சரி, வேண்டும். நேற்று அந்தக் காரில் குழந்தை இல்லை. அவர் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தார்.

மிகைப்படுத்துகிறேன் என்பவர்களுக்கு: லண்டனில் நெரிசல் மிகுந்த சாலைக்கு அருகில் வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுமி 2013-ல் ஆஸ்துமாவால் இறந்தாள். காற்று மாசும் அவள் சாவுக்குக் காரணம் என்று மரண விசாரணையில் பதிவாக 2020 ஆகிவிட்டது. அதுவும் அவளுடைய தாய் விடாமல் போராடியதால். அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

நேற்று அந்தக் கார்க்காரர் கத்தியதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. சுற்றி நின்ற பெற்றோரில் நான்கு பேருக்கு என் மகளின் நிலை தெரியும். மூச்சுத் திணறிய நாளில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அவர்களில் ஒருவர். நேற்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. இரவில் மட்டும், "பொறுமையாகச் சொல்லியிருக்கலாம்" என்று எனக்கு அறிவுரை எழுதுகிறார்கள். எத்தனை நாள் பொறுமையாகச் சொன்னேன் என்று அவர்களுக்கே தெரியும்.

இன்று காலையும் அதே இடத்தில் அதே கார், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாய் திறப்பதற்குள் மகள் கையைப் பிடித்து இழுத்தாள். "நீ ஒன்றும் சொல்லிவிடாதே அம்மா" என்றாள்.