செங்கல் வரப்பும் முன்பண நோட்டும்

கடந்த மாதம் எனக்கு ஒரு படிவம் வந்தது. பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் அலுவலக வளாகத்துப் புல்தரையையும் செடிகளையும் பராமரிக்கும் ஒப்பந்தம் ஆறு ஆண்டுகளாக எங்கள் நர்சரியிடம் இருக்கிறது. அதைப் புதுப்பிக்க வேண்டுமானால், எங்கள் தொழிலிலும் எங்களுக்குப் பொருள் தருவோரிடமும் ‘நவீன அடிமைமுறை’ இல்லை என்று 22 கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம். “எல்லாத்துக்கும் டிக் போட்டு அனுப்பிடலாம் சார்” என்றார் எங்கள் கணக்காளர். நானும் பேனாவை எடுத்துவிட்டேன். ‘தொழிலாளர்களின் அடையாள ஆவணங்கள் யாரிடம் இருக்கின்றன?’ என்ற ஐந்தாவது கேள்வியில் கை நின்றுவிட்டது. ஒடிசாவில் இருந்து வந்து என்னிடம் வேலை செய்யும் ஒன்பது பேரின் ஆதார் அட்டைகள், ரப்பர் பேண்டு போட்டு, என் மேசை இழுப்பறையில்தான் இருந்தன.

தொலைத்துவிடுவார்கள், பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கி வைப்பதாக நாங்கள் வெளியில் சொல்லிக்கொள்வோம். முன்பணம் வாங்கியவர் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டுத் திரும்பி வராமல் இருந்துவிடக் கூடாது என்பதே அதன் உண்மையான காரணம். இது தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் படிவத்துக்குப் பின்னால் இருப்பது 2015ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம். ஆண்டுக்கு 3 கோடியே 60 லட்சம் பவுண்டுக்குக் குறையாத விற்றுவரவு உள்ள நிறுவனங்கள், தங்கள் தொழிலிலும் பொருள் வரும் வழியெங்கிலும் அடிமை உழைப்பைத் தடுக்க என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது அது. ‘எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை’ என்று அறிக்கை விட்டாலும் அந்தச் சட்டப்படி கடமை முடிந்துவிடும் என்பது தனி வேடிக்கை. நம்முடைய 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இதைவிடப் பல மடங்கு கூர்மையானது. கொத்தடிமைக் கடன் எதுவானாலும் அதைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பே இல்லாமல் போய்விடுகிறது. அது அத்தகைய கடன் இல்லை என்று நிரூபிக்கும் சுமை கடன் கொடுத்தவர் தலையில் விழுகிறது. மூன்று ஆண்டுவரை சிறையும் உண்டு. ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. இத்தனையும் நம் கையில் இருக்க, லண்டனில் இருந்து படிவம் வந்த பிறகுதான் நான் என் இழுப்பறையைத் திறந்து பார்த்திருக்கிறேன்.

தோட்டம் என்றால் செடி மட்டும்தான் என்று வாடிக்கையாளர் நினைக்கலாம். எங்களுக்கு அது லாரி லாரியாக வந்து இறங்கும் சரக்கு. பாத்தி ஓரத்துக்குச் செங்கல், கன்றுக்கு முட்டுக்கொடுக்கச் சவுக்குக் கம்பு, தொட்டிக்குப் பொள்ளாச்சித் தென்னை நார்த்தூள், நடைபாதைக்கு ராஜஸ்தான் கல். பூந்தி மாவட்டத்து புத்புராவில் சுரங்கக் கழிவுக் கல்லைப் பெண்களும் சிறுவர்களும் உளியால் கொத்திச் சதுரமாக்கிய துண்டுகள் ஐரோப்பிய முற்றங்கள் வரை போய்ப் பதிந்த கதை, கல் வியாபாரத்தில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. நார்த்தூள் களங்களிலும் இப்போது வடமாநிலத்துக் குடும்பங்கள் களத்து ஓரத்துத் தகரக் கொட்டகைகளிலேயே தங்கி வேலை செய்கின்றன. தங்கும் இடமும் முதலாளியுடையது என்றால் வேலையை விட்டுப் போவது எளிதல்ல.

நான் கண்ணால் பார்த்தது செங்கல் சூளை. நான்கு கோடைக்கு முன்பு, திருவள்ளூர்ப் பக்கம் ஒரு சூளைக்குக் கல் தேர்ந்தெடுக்கப் போயிருந்தேன். ஒரு பெண் குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து பச்சைக் கற்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பின்னால் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் ஓரங்களில் பிதுங்கிய மண்ணைச் சுரண்டிக்கொண்டு வந்தான். மேஸ்திரியின் நீள நோட்டில் பக்கத்துக்கு ஒரு பெயர்; இடப்புறம் ஊரிலேயே கொடுத்த முன்பணம், வலப்புறம் வாரச் செலவுக்குக் கொடுத்த காசு. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கூலி, பருவம் முடிந்து கணக்குப் பார்க்கும்போதுதான் எழுதப்படும். நோட்டில் இருந்தது கணவரின் பெயர் மட்டுமே. அந்தப் பெண்ணுக்கும் பையனுக்கும் அதில் இடமில்லை. கணக்கு முடியும்போது கையில் என்ன நிற்கும் என்று கேட்டேன். “கோடை மழை அடிச்சா அறுத்த கல்லும் போச்சு, கணக்கும் போச்சு சார்” என்று மேஸ்திரி சிரித்தார். கரைந்த கல்லுக்குக் கூலி கிடையாது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, கல்லுக்கு 50 காசு குறைத்துப் பேரம் பேசி, பன்னிரண்டாயிரம் கல்லுக்கு முன்தொகை கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

சவுக்குக் கம்பு வாங்கும்போதெல்லாம் எனக்கு 2019 ஜூலை நினைவுக்கு வரும். காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களில் இருந்து, பெரும்பாலும் இருளர்களான 42 பேரை வருவாய்த் துறையினர் மீட்டார்கள். முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் அப்போது நாளிதழ்களில் வந்தது. சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்கு ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர்கள் அவர்கள். என்னிடம் வரும் கம்பு யார் வெட்டியது என்று நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. பிறகும் உடனே கேட்டுவிடவில்லை.

முன்பணமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். மகள் திருமணத்துக்கும் மருத்துவமனைச் செலவுக்கும் வங்கி கொடுக்காத காசை மேஸ்திரிதான் கொடுக்கிறார். கடன் முடியும் வரை போகக் கூடாது என்ற நிபந்தனை அதோடு ஒட்டிக்கொள்ளும் இடத்தில்தான் உதவி விலங்காகிறது. ஆகவே சரக்கு கொடுப்பவரிடம் இப்போது நான் சான்றிதழ் கேட்பதில்லை. முன்பண நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்கிறேன். பாதிக் கடனோடு ஒருவர் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்கிறேன். “எங்கே சார் போயிடுவான்?” என்று பதில் வந்தால் எனக்கு விஷயம் புரிந்துவிடுகிறது.

புரிந்த பிறகு அந்தச் சூளையை விட்டுவிட்டு வேறு சூளைக்குப் போய்விடுவது என் மனத்துக்கு மட்டும் ஆறுதல். அந்தக் குடும்பம் அங்கேயேதான் இருக்கும். கோட்டாட்சியருக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ தகவல் போனால்தான் விசாரணையும் விடுதலைச் சான்றிதழும் வரும். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டுத் திட்டம் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம் ரூபாய் மறுவாழ்வு நிதி என்கிறது; ஆனால் அந்தத் தொகை வழக்கின் தண்டனையோடு முடிச்சுப் போடப்பட்டிருப்பதால், கைக்கு முதலில் வருவது சிறிய உடனடி உதவி மட்டுமே.

படிவம் அனுப்பிய நிறுவனத்திடம் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். எனக்கு அவர்களிடம் இருந்து வருவது 90 நாள் கழித்து. அந்த மூன்று மாதமும் நான் சரக்கு கொடுப்பவரை இழுத்தடிக்கிறேன், அவர் தன் ஆட்களின் கூலியை இழுத்தடிக்கிறார். 22 கேள்விகளில் ஒன்றுகூட இதைப் பற்றி இல்லை.

ஒன்பது அட்டைகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அறையில் எலித் தொல்லை, உங்களிடமே இருக்கட்டும் என்றார் ஒருவர். பூட்டுள்ள தகரப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன், சாவி அவரிடம் இருக்கிறது. செங்கல் பற்றிய கேள்விக்குத் ‘தெரியாது’ என்று எழுதி அனுப்பினேன். நேற்று அவர்கள் அலுவலகத்தில் இருந்து அழைத்து, தங்கள் கணினியில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள்தாம் இருப்பதாகவும், ஏதாவது ஒன்றைச் சொன்னால் இன்றைக்கே முடித்துவிடலாம் என்றும் சொன்னார்கள். சூளைக்குப் போய்வர ஒரு வாரம் கேட்டிருக்கிறேன்.