இருநூற்று மூன்றை 2003 என்று எழுதிய பிள்ளை

இந்தப் பருவத்தில் என் மகளின் வகுப்பில் மூன்றிலக்க எண்களும், கடன் வாங்கிக் கழித்தலும் நடக்கின்றன. போன வாரம் கணக்கு நோட்டைப் பார்த்தேன். சொல்வதை எழுதும் பயிற்சி. ‘இருநூற்று மூன்று’ என்பதற்கு 2003 என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. கீழே, ‘கவனம் தேவை’.

அவளைக் கூப்பிட்டு, “இதை எப்படி எழுதினே?” என்று மட்டும் கேட்டேன். “இருநூறுன்னா 200. அதுக்கு அப்புறம் மூணு. அதான் எழுதினேன்மா” என்றாள். கவனம் இல்லாத பிள்ளை இப்படிப் பதில் சொல்ல முடியாது. காதில் விழுந்த ஒவ்வொரு சொல்லையும் விட்டுவிடாமல் எழுதியிருக்கிறாள். சொல்வதைப் போலவே எழுதக் கூடாது என்பதைத்தான் அவளுக்கு இன்னும் யாரும் புரிய வைக்கவில்லை. வீட்டில் இருந்த நானும்தான்.

யோசித்துப் பார்த்தால், அவள் எழுதிய முறை ஒரு காலத்தில் சரியான முறையாகவே இருந்தது. பழைய தமிழ் எண்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் உண்டு. இருநூற்று மூன்றை ௨௱௩ என்று எழுதினார்கள். இரண்டு, நூறு, மூன்று. வாய் சொல்வதைக் கை அப்படியே எழுதும். பூஜ்ஜியத்துக்கு அங்கே வேலையே இல்லை. என் மகள் செய்ததும் ஏறக்குறைய அதேதான்.

இன்று நாம் எழுதும் 203 வேறு வகை. இதில் நூறு என்ற சொல் எங்கேயும் இல்லை. 2 நிற்கும் இடம்தான் அதை நூறாக்குகிறது. நடுவில் இருக்கும் 0 ‘பத்துகள் எதுவும் இல்லை’ என்று சொல்லிக்கொண்டு, 2 தன் இடத்தைவிட்டு நகராமல் பார்த்துக்கொள்கிறது. பூஜ்ஜியத்தைக் கூட்டுவதற்கும் கழிப்பதற்கும் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் விதிகள் எழுதியது கி.பி. 628-இல். இந்த எண்களை விளக்கி ஐரோப்பியர்களுக்காக இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபொனாச்சி புத்தகம் எழுதியது 1202-இல். அதன் பிறகும் ரோமன் எண்களை அவர்கள் கைவிடச் சில நூற்றாண்டுகள் ஆயின. கணக்கு வழக்கிலேயே ஊறிய பெரியவர்களுக்கே அவ்வளவு காலம் தேவைப்பட்டது. அதை ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வாரத்தில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறோம். இது நியாயமே இல்லை.

தமிழில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு வசதியும் உண்டு, ஒரு சிக்கலும் உண்டு. இருபத்தொன்று என்றால் இரு பத்து, ஒன்று. சொல்லிலேயே இடமதிப்பு இருக்கிறது. ஜெர்மன் மொழியில் ‘ஒன்றும் இருபதும்’ என்று சொல்லிவிட்டு 21 என்று திருப்பி எழுத வேண்டும். அந்தத் தொல்லை நமக்கு இல்லை. ஆனால் தொண்ணூறுக்கு வந்ததும் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். எண்பது வரை ‘பது’ என்று வந்துகொண்டிருந்தது, திடீரென்று ‘நூறு’ என்று ஒலிக்கிறது. தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ வந்துவிடுகிறது. தொண்ணூற்று ஐந்தை 105 என்று எழுதும் பிள்ளை உளறவில்லை. காதில் விழுந்ததை நம்பியிருக்கிறது. இதை வகுப்பில் ஒரு நாள் வெளிப்படையாகப் பேசினாலே போதும். “பார், இந்த இரண்டு பெயர்கள் மட்டும் வேறு மாதிரி இருக்கும்” என்று சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அப்புறம் கழித்தல். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகளை எல்லா வகுப்பிலும் பார்க்கலாம். ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. எப்போதும் பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று முன்பு சொல்லிக்கொடுத்ததைத்தான் அது இங்கேயும் செய்கிறது. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-இல் இதைப் பற்றி எழுதினார்கள். குழந்தைகளின் கழித்தல் பிழைகளில் பல, தாமாக உருவாக்கிக்கொண்ட ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்று காட்டினார்கள். அப்படியென்றால் அதே மாதிரிக் கணக்கை இன்னும் இருபது கொடுத்து என்ன பயன்? அந்தத் தவறான விதி இருபது முறை பழக்கமாகும், அவ்வளவுதான்.

‘கடன் வாங்குவது’ என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை. “வாங்கின கடனை எப்போம்மா திருப்பிக் கொடுக்கணும்?” என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி, என்னிடம் பதில் இல்லை. பாடப்புத்தகங்களில் வரும் ‘இனமாற்றம்’ கொஞ்சம் கனமான சொல்தான், ஆனால் நடப்பதை உள்ளபடி சொல்கிறது. ஒரு பத்து, பத்து ஒன்றுகளாக மாறுகிறது. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

அன்று மாலை தீக்குச்சிகளை எடுத்துக்கொண்டு இருவரும் தரையில் உட்கார்ந்தோம். பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்ட். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. “இதிலிருந்து 27 எனக்குக் கொடு” என்றேன். இரண்டு கட்டுகளைத் தந்தாள். ஏழு உதிரிக்கு இரண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தாள். பிறகு, “ஒரு கட்டைப் பிரிக்கலாமாம்மா?” என்றாள். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிரித்து, எண்ணிக் கொடுத்து, மிச்சத்தைப் பார்த்து 25 என்றாள்.

இதற்கு ஆன நேரம் அரை மணிக்கும் மேல். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியரால் எப்படி முடியும் என்று கேட்பீர்கள். கஷ்டம்தான், ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பருவம் முடிவதற்குள் இத்தனை பாடம் என்று அவர்கள் தலையில் கட்டுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் நாமும் “எத்தனை பாடம் முடிஞ்சது?” என்றுதானே முதலில் கேட்கிறோம்? இந்த ஒரு பருவத்தில் இடமதிப்பைத் தவிர வேறு எதுவும் முடியாவிட்டால்கூட எனக்குச் சம்மதம். பெருக்கல், வகுத்தல், தசமம் என்று பின்னால் வரும் எல்லாமே இதன் மேல்தான் நிற்கப் போகின்றன.

இன்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ‘தொள்ளாயிரத்து நான்கு’ என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். என்ன எழுதினாலும், ரப்பரைத் தேடுவதற்கு முன்னால் “எப்படி எழுதினே?” என்று கேளுங்கள். அது சொல்லும் பதிலை எனக்கும் சொல்லுங்கள்.